கொத்தனார் வாங்கிய ரேடியோ

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நிக்கோபார் தீவுகளைச் சூறையாடியது. பிறகு அங்கே புது வீடுகள் கட்டினார்கள். அந்த வேலைக்கு 2006இல் ஒரு கொத்தனார் சென்னையிலிருந்து புறப்பட்டார். போகும் இடம் காம்பெல் பே. போர்ட் பிளேருக்குத் தெற்கே 500 கிலோமீட்டருக்கு மேல். போர்ட் பிளேரின் இன்றைய பெயர் ஸ்ரீ விஜயபுரம்.

"ஒரு ரேடியோ வாங்கிட்டுப் போங்க. புயல் வந்தா யார் சொல்லுவா?" என்றார் மனைவி.

ரிச்சி தெருவில் கடைக்காரர் ஒரு சின்ன ரேடியோவைக் காட்டினார். பாட்டு கணீரென்று கேட்டது. விலையும் குறைவு.

"எந்த ஊருக்கு அண்ணே?"

"நிக்கோபாருக்கு."

கடைக்காரர் அதைத் திரும்ப உள்ளே வைத்தார். நல்ல வியாபாரி!

"இது எஃப்.எம். மட்டும் எடுக்கும். அந்த அலை கோபுரத்தைச் சுற்றிக் கொஞ்ச தூரம்தான் போகும். உங்களுக்கு மீடியம் வேவ் வேணும். அது கடல்மேல் வெகுதூரம் போகும். ராத்திரியில் இன்னும் தூரம்."

"கரண்டில் ஓடுமா?"

"கரண்ட் இல்லாத இடத்தில் என்ன செய்வீங்க? சாதாரண பேட்டரி போடுவதையே வாங்குங்க."

போர்ட் பிளேர் வானொலியின் எண் 684. அதையும் அட்டையில் எழுதிக் கொடுத்தார்.

கப்பலின் கீழ்த்தளத்தில் ரேடியோ வெறும் இரைச்சலாக இருந்தது. இரும்புச் சுவர் அலையைத் தடுத்தது. கொத்தனார் மேல்தளத்துக்கு வந்தார். வெளிக்கம்பியை இழுத்தார். பயனில்லை. மீடியம் வேவை வாங்கும் கம்பி பெட்டிக்குள்ளே இருக்கிறது. பெட்டியையே மெல்லத் திருப்பினார். குரல் தெளிந்தது.

காம்பெல் பேயில் உப்புக்காற்று. ரேடியோவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்தார். மாலையில் வெளியே எடுப்பார். வானிலை கேட்க மீனவர்களும் வந்து உட்காருவார்கள்.