மார்கழி வயலும் வீட்டுக்காரரின் நித்திரையும்

சாம்பல்தீவு, சல்லி, நிலாவெளிப் பக்கத்துக் கமக்காரக் குடும்பங்களுக்கு இந்த மார்கழியில் ஒரு வேண்டுகோள். பெரும்போக வெள்ளாமை வயலில் நிற்கிறது. உழவு, விதைநெல், உரம் என்று காசு போய்விட்டது, நகை அடகில் இருக்கிறது, அறுவடைக்கு மாசி, பங்குனி ஆகும். டித்வா புயலுக்குப் பிறகு வானம் இருட்டினாலே நெஞ்சு பதறுகிறவர்கள் பலர். காசும் இல்லாமல் நெல்லும் கைக்கு வராமல் கிடக்கும் இந்த இடைக்காலத்தில் வீட்டாரின் மனத்தையும் கவனியுங்கள்.

முதலில் வீட்டுக்காரரின் நித்திரையைப் பாருங்கள். சாமத்தில் எழும்பித் திண்ணையில் குந்தியிருக்கிறாரா? சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறாரா? குடி கூடிவிட்டதா? "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்று ஒரு சொல் விழுந்தால் அதைக் கோபப் பேச்சாக எடுத்துவிடாதீர்கள். பக்கத்தில் இருந்து நேராகவே கேளுங்கள்: "இஞ்சருங்கோ, சாகவேணும் எண்டு யோசிக்கிறீங்களோ?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று பயப்பட வேண்டாம். பாரத்தை இறக்கிவைக்க அவருக்கு ஒரு வழி கிடைக்கும்.

அடுத்தது பூச்சிமருந்து. இதில் நான் கண்டிப்பாகவே சொல்வேன்: வீட்டில் வைக்காதீர்கள். 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு 47 பேரளவில் தற்கொலையால் இறந்தார்கள். கொடிய நஞ்சுகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. 2005இல் அந்த விகிதம் பாதியாகிவிட்டது. எட்டாத தூரத்தில் நஞ்சு இருந்ததால் எத்தனையோ பேர் அந்தப் பொல்லாத மணித்தியாலத்தைக் கடந்து உயிரோடு இருக்கிறார்கள். பூட்டுப் பெட்டி போதும் என்று நினைக்கவேண்டாம். வடமத்திய மாகாணத்தின் 180 கிராமங்களில் நடந்த ஆய்வில், பெட்டி கொடுத்த ஊர்களிலும் நஞ்சருந்துவது குறையவில்லை என்று 2017இல் தெரியவந்தது. ஒரு தடவை அடிக்கத் தேவையானதை மட்டும் வாங்கி, அன்றைக்கே முடியுங்கள். கடைக்காரரே, குடித்துவிட்டோ, எந்தப் பயிருக்கு என்று சொல்லத் தெரியாமலோ வருகிறவருக்கு இன்றைக்குக் கொடுக்காதீர்கள். "நாளைக்கு வாங்கோ தம்பி" என்று அனுப்புங்கள், அப்படியே வீட்டாருக்கும் ஒரு சொல் போடுங்கள்.

கடனைப் புருஷனும் பெண்சாதியும் ஒரே கொப்பியில் எழுதுங்கள். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் நுண்கடன் பெரும்பாலும் பெண்ணின் பெயரில்தான் இருக்கிறது. அவமானமும் அவள் தலையில்தான் விழுகிறது. ஆகவே அவளுடைய நித்திரையையும் யாராவது விசாரிக்க வேண்டும். பயிர் அழிந்திருந்தால் படம் எடுத்து, தாமதிக்காமல் கமநல சேவை நிலையத்தில் பதியுங்கள். பயிர் பற்றிய சந்தேகங்களுக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 இருக்கிறது.

மனம் தாங்காத நேரத்தில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு இரவிலும் பகலிலும் அழைக்கலாம். 1333 ஆலோசனைத் தொலைபேசியும் இலவசம். யாராவது நஞ்சு குடித்துவிட்டால் உடனே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வாந்தியெடுக்க வைக்காதீர்கள், போத்தலையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

திருகோணமலை ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குப் போகச் சொன்னால் பலர் "எனக்கென்ன விசரா?" என்று மறுப்பார்கள். வாதாட வேண்டாம். "நித்திரை வரயில்லை எண்டு டொக்டரிட்டச் சொல்லுவம், நானும் வாறன்" என்று சொல்லி, பஸ்ஸில் கூடவே போங்கள். அடுத்த கிளினிக் திகதியை நீங்களும் குறித்துவையுங்கள்.