புகழும் திறமையும்
(தியாகராஜ பாகவதரின் வாழ்வு தரும் பாடம்)

தீபாவளிக்கு மறுநாள் காலையில் நம் தெருக்களில் கருகிய மத்தாப்புக் கம்பிகள் கிடக்கும். அவற்றை மறுபடியும் கொளுத்தப் பார்க்கும் குழந்தையைக் கண்டு நாம் சிரிக்கிறோம். ஆயினும் வயது வந்தவர்களும் இதே காரியத்தைச் செய்வதுண்டு. ஒருகாலத்தில் தங்களைச் சூழ்ந்திருந்த புகழ் போய்விட்டது என்று ஒப்புக்கொள்ள மனமில்லாமல், அதையே திரும்பப் பற்றவைக்கப் பாடுபடுகிறார்கள். இந்த ஆசையைப் பற்றிச் சிந்திக்க, நம் தாத்தா பாட்டிமார் கேட்டு மகிழ்ந்த பாடகர் எம். கே. தியாகராஜ பாகவதரின் வாழ்க்கையைப் பார்ப்போம்.

1. ஏற்றம்

பாகவதர் 1910-ல் மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்து, திருச்சிராப்பள்ளியில் வளர்ந்தார். நாடகமேடையில் பாடிப் பெயரெடுத்தபின், 1934-ல் "பவளக்கொடி" படத்தில் தோன்றினார். அக்காலத்தில் கதாநாயகன் தன் சொந்தக் குரலிலேயே பாடவேண்டும். ஆதலால் அவருடைய சாரீரமே அவருக்கு ஆஸ்தி. 1937-ல் வந்த "சிந்தாமணி" அள்ளித் தந்த லாபத்தைக் கொண்டு, அதை வெளியிட்டவர்கள் மதுரையில் அந்தப் பெயராலேயே ஒரு கொட்டகை கட்டினார்கள். 1944 தீபாவளிக்கு "ஹரிதாஸ்" வெளியாயிற்று. சென்னை பிராட்வே கொட்டகையில் அது மூன்று தீபாவளிகளைக் கண்டது.

2. இறக்கம்

அதே 1944 நவம்பரில், லட்சுமிகாந்தன் என்னும் பத்திரிகைக்காரர் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். டிசம்பரில் பாகவதரும், நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1945-ல் இருவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. பிராட்வேயில் படம் ஓடிக்கொண்டிருந்தது. பாடியவரோ சிறையில் இருந்தார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, திரும்பவும் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. 1947-ல் இருவரும் விடுதலை பெற்றார்கள்.

வெளியே வந்தவர் மீண்டும் படங்களில் நடித்தார். 1948-ல் "ராஜமுக்தி", 1952-ல் "அமரகவி", "சியாமளா", 1957-ல் "புதுவாழ்வு". இந்தக் கடைசிப் படத்தைத் தாமே தயாரித்து, தாமே இயக்கினார். ஒன்றும் பழைய வெற்றியைத் தரவில்லை. 1959 நவம்பர் 1-ல் சென்னை பொது மருத்துவமனையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 49. "சிவகாமி" அவர் மறைந்தபின் 1960-ல் வந்தது. சிறைக்கு முன் ஒன்பது படங்கள், பின் ஐந்து படங்கள், அவ்வளவே.

3. காரணம்

சனங்கள் நன்றி மறந்தவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் காலமே மாறியிருந்தது. ஒருவர் பாட மற்றொருவர் வாயசைக்கும் பின்னணிப் பாட்டு வேரூன்றிவிட்டபடியால், பாடத் தெரியாதவரும் கதாநாயகனாகலாம் என்றாயிற்று. பாட்டின் இடத்தை வசனம் பிடித்துக்கொண்டது. "அமரகவி" வந்த அதே 1952-ல்தான், தீபாவளிக்கு "பராசக்தி" வந்தது. மு. கருணாநிதி எழுதி, சிவாஜி கணேசன் பேசிய வசனங்களை ஊரெல்லாம் மனப்பாடம் செய்தது.

கூடவே விடுதலையான கிருஷ்ணனோ, 1949-ல் "நல்லதம்பி"யில் நடித்தார். 1951-ல் "மணமகள்" படத்தை இயக்கினார். அதற்காக ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்துவது நீதியாகாது. பேச்சு இவருடைய தொழில்; காலம் பேச்சுக்கு வந்தது. பாட்டு அவருடைய தொழில். காலம் பாட்டை விட்டு நகர்ந்தது.

அமெரிக்காவிலும் இப்படி நடந்ததுண்டு. பேசும் படம் வந்ததும் பேசாப்பட நட்சத்திரங்கள் பலர் மங்கினார்கள். 1950-ல் வந்த "சன்செட் பூல்வார்ட்" என்னும் படம் அப்படிப்பட்ட ஒரு நடிகையின் கதை. அவள் தன் மாளிகையில் தன் பழைய படங்களையே பார்த்துக்கொண்டு, உலகம் தன்னை அழைக்கும் என்று காத்திருந்து, சித்தம் கலங்கிப்போகிறாள். பாகவதர் அவ்விதம் கதவடைத்துக்கொள்ளவில்லை. கச்சேரி மேடைகளில் தொடர்ந்து பாடினார்.

4. நமக்குரிய பாடம்

திறமையும் புகழும் ஒன்றாகவே வருவதால், இரண்டும் ஒன்றுதான் என்று மயங்கிவிடுகிறோம். திறமை கடவுள் நம்மிடம் ஒப்படைத்தது. புகழோ பிறர் கையில் இருப்பது. கொடுத்தவர்கள் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மத்தாப்பு ஒருமுறைதான் எரியும். அதைச் செய்த கைக்கு மறுநாளும் வேலை உண்டு.

இது நடிகர்களுக்கு மட்டும் ஏற்பட்ட சோதனையன்று. சிவகாசி அச்சகங்களில் லித்தோ கல்லில் படம் எழுதியவர்களுக்கு ஒருகாலத்தில் தனி மதிப்பு இருந்தது. ஆப்செட் வந்தது, பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அந்தத் தொழிலாளி "என் காலத்திலே" என்று சொல்லிச் சொல்லிக் கசந்தும் போகலாம். நிறமும் கோடும் அறிந்த தன் கண்ணைப் பேரப்பிள்ளைக்குப் பயன்படவும் செய்யலாம். கோவில் பாடற்குழுவில் இருபது வருஷம் முன்வரிசையில் நின்றவர், இளையவருக்கு இடம் விடும் நாளில் வீட்டுக்குப் போய்விடுகிறாரா, பின்வரிசையில் நின்று பாடுகிறாரா? இதில்தான் அவர் பாட்டை நேசித்தாரா, முன்வரிசையை நேசித்தாரா என்பது தெரியவரும்.

பெற்றோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இன்று கைப்பேசியில் ஒரு பாட்டுக்கு ஆடிய பிள்ளையை ஒரு வாரம் ஊரே பார்க்கிறது. மறுவாரம் ஒருவரும் பார்ப்பதில்லை. பிள்ளை முகம் வாடுகிறது. அப்போது "மறுபடி போடு, இன்னும் பேர் பார்ப்பார்கள்" என்று தூண்டாதீர்கள். "உனக்கு ஆட வருகிறதே, நன்றாகக் கற்றுக்கொள்" என்று சொல்லுங்கள். முந்தைய வார்த்தை கணக்கெண்ணப் பழக்கும். பிந்தியது கலையைப் பழக்கும்.

வீட்டில் கூடிப் பேச:

1. ஒருவரும் பார்க்காவிட்டாலும் நான் செய்யக்கூடிய நல்ல வேலை எது?

2. நம் வீட்டுப் பெரியவர் ஒருவரின் பழைய திறமையை நாம் கேட்டறிந்திருக்கிறோமா? அதை யாருக்குக் கற்றுத்தரச் சொல்லலாம்?

3. பிள்ளையைப் பாராட்டும்போது நாம் அதன் உழைப்பைப் பாராட்டுகிறோமா, அதற்குக் கிடைத்த கைதட்டலையா?