பனிச்சரிவு: மலைவழிச் செல்வார் அறிய வேண்டுவன

வேலூரை வெயிலூர் என்று வேடிக்கையாகக் கூறுவர். உறைபனியைக் கண்ணாலும் காணாத நமக்குப் பனிச்சரிவைப் பற்றிய கல்வி எற்றுக்கு என மாணவ அன்பர்கள் வினவலாம். விடை தொலைவில் இல்லை. 2016ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 3ஆம் நாள், சியாச்சின் பனியாற்றின்மேல் ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் இருந்த காவல்நிலை ஒன்றின்மீது பெரும் பனிச்சுவர் சரிந்து வீழ்ந்தது. மதராஸ் ரெஜிமெண்டின் 19ஆம் பட்டாளத்தோடிருந்த 10 வீரர் புதையுண்டனர். அவருள் ஒருவர், அந்நாளில் ஆம்பூரும் வாணியம்பாடியும் அடங்கியிருந்த வேலூர் மாவட்டத்து ஹவில்தார் ஏழுமலை. வழிவழியாகப் படைக்கு ஆள் அனுப்பும் ஊர்கள் நம் மாவட்டத்திற் பல. அன்றியும், விடுமுறையில் காட்பாடியில் இரயிலேறி இமயச் சாரலுக்கு மலையேறச் செல்லும் இளைஞரும் இந்நாளில் உளர். ஆதலின் இக்கல்வி நமக்கு அயலானதன்று.

பனிச்சரிவென்பது மலைச்சாய்விற் கிடக்கும் பனித்திரள் திடீரெனக் கட்டவிழ்ந்து கீழ்நோக்கிப் பாய்தலாம். மலைமீதுள்ள பனி ஒரே பொழிவில் வந்து சேர்ந்ததன்று. ஒவ்வொரு பொழிவும் ஒவ்வோர் அடுக்காகப் படிகின்றது. நம் பக்கத்துத் தோல் மண்டிகளில் உப்பிட்ட பச்சைத்தோல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருத்தலைப் பலர் கண்டிருப்பர். அத்தகைய அடுக்கொன்றின் நடுவே ஈரமில்லாத கல்லுப்பைத் தடிப்பாகப் பரப்பி, அடிப்பலகையை மெல்லச் சாய்ப்பதாக எண்ணிக்கொள்க. உப்பின் மேலுள்ள தோல்கள் யாவும் ஒருசேர நழுவும். குளிர் மிகுந்த நாட்களில் பனியடுக்கின் உள்ளேயும் உப்பு மணிகளை யொத்த பனிப்பளிங்குகள் தோன்றுகின்றன. இவை ஒன்றோடொன்று ஒட்டா. இவற்றின்மேல் புதுப்பனி பலகைபோல் இறுகிவிடின், மேற்புறம் உறுதியாகவும் உட்புறம் நொய்தாகவும் அமைகின்றது. அப்பலகைமேல் ஒரு மனிதன் காலூன்றும் பாரமே அதனைப் பெயர்த்துவிடப் போதும். பொழுதுபோக்காக மலையேறுவார் பனியில் அகப்பட்ட விபத்துகளுட் பெரும்பாலானவற்றில், சரிவை எழுப்பியவர் அவரோ அவர்தம் துணைவரோ ஆவர் என்பது பல நாட்டு ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை.

பனி எல்லாச் சாய்விலும் கட்டவிழ்வதில்லை. 30 பாகை முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களே பெரிதும் அஞ்சத்தக்கன. அதனினும் செங்குத்தான இடத்திற் பனி மிகுதியாய்த் தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். சாய்வு குறைந்த இடத்தில் எளிதில் நழுவாது. ஆயினும், கீழே சமநிலத்தில் நிற்பவர்க்குக் கேடில்லை என்று கருதுதல் பிழையாகும். உயரத்திற் கட்டவிழ்ந்த பனி நெடுந்தூரம் பாய்ந்து வரும்.

அபாயத்தைக் காட்டும் குறிகளும் உள. அண்மையிற் சரிந்த தடம் அருகில் தென்படுதல், அடிவைக்குங்கால் பனியில் விரிசல் ஓடுதல், காலின்கீழ்ப் பனி அமிழ்ந்து 'தும்'மென ஒலித்தல் ஆகியவை வெளிப்படையான எச்சரிக்கைகள். ஒருநாளைக்குள் பெரும்பனி பொழிதல், காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்திற் குவித்தல், வெப்பம் விரைந்து ஏறுதல் ஆகியவையும் அத்தன்மையனவே. இவற்றுள் ஒன்றைக் காணினும் அச்சாய்வை விட்டு விலகுதலே அறிவுடைமை. கடந்தே தீரவேண்டுமாயின், அனைவரும் சேர்ந்து செல்லாமல் ஒருவர்பின் ஒருவராகக் கடக்க வேண்டும். ஏனையோர் காவலான இடத்தில் நின்று அவரைக் கண்வாங்காது நோக்க வேண்டும். இமயப் பகுதிக்குரிய பனிச்சரிவு எச்சரிக்கைகளைச் சண்டிகரிலுள்ள பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி நிலையம் வெளியிடுகின்றது. அதனைப் பாராது புறப்படலாகாது.

புதையுண்டவர்க்குக் காலமே உயிர். சுமார் 10 நிமிடத்துக்குள் தோண்டி எடுக்கப்படுவோரிற் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். அரைமணி கடப்பின் பிழைப்போர் ஏறத்தாழ மூவரில் ஒருவரே. மூச்சடைப்பே பெரும்பாலோரைக் கொல்கின்றது. ஊரிலிருந்து உதவி வந்து சேர்வதற்குள் காலம் கழிந்துவிடுமாதலால், காப்பவர் உடன்செல்லும் துணைவரே. இதனாலேயே ஒவ்வொருவரும் இருப்பிடம் உணர்த்தும் வானொலிக் கருவியை உடலில் அணிந்து, பனியைக் குத்தித் தேடும் நீள்கோலும் மண்வாரியும் எடுத்துச் செல்லவேண்டும் என்பது விதி. இவற்றைக் கையாளப் பழகாதார்க்கு இவை வெறுஞ்சுமையே.

சியாச்சினிற் புதையுண்டவருள் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஆறாம் நாள் பனிக்கடியிலிருந்து உயிரோடு எடுக்கப்பட்டார், நாடே வியந்தது. எனினும் பிப்ரவரி 11ஆம் நாள் தில்லி இராணுவ மருத்துவமனையில் அவரும் மறைந்தார். ஏனைய ஒன்பதின்மரும் உயிரோடு திரும்பவில்லை. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் உத்தரகண்டத்துத் திரௌபதி கா தாண்டா மலையில், மலையேற்றப் பயிற்சி பெறச் சென்ற குழுவைப் பனிச்சரிவு தாக்கியது. அவருள் 27 பேர் உடல்கள் மீட்கப்பட்டன, இருவர் காணப்படவில்லை. பயிற்றுநர் உடனிருந்தும், கடுங்குளிர்காலம் தொடங்கு முன்னரே இது நேர்ந்தது. உயர்மலையின் அபாயம் நாட்காட்டியைப் பார்த்து வருவதன்று என்பதை இதனால் அறிக.

சியாச்சின் வீரர் கடமையின் பொருட்டு விலக இயலாத இடத்தில் நின்றனர். அவர்தம் தியாகத்தை நாம் வணங்குவோம். ஆனால் இன்பத்தின் பொருட்டு மலையேறுவோர்க்கு விலகும் உரிமை உண்டு. முகடு நாளையும் அங்கேயே நிற்கும். குறிகளைக் கண்டு பாதிவழியில் திரும்பும் மாணவன் கோழையல்லன். தன்னையும் தன் துணைவரையும் காத்தவன். ஆண்டவன் அருளிய அறிவை அவன் நன்கு பயன்படுத்தினான் என்றே நாம் கொள்ளவேண்டும்.