பசித்தவன் கை வைத்தால்

நம் கடைக்காரர்கள் இருவர் சேர்ந்தால் இப்போதெல்லாம் பேச்சு ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது. சர்டின் டின் இரண்டைக் காணோம், ரொட்டியைக் காணோம், காலையில் கதவைத் திறந்தால் அஞ்சடியில் ஆள் படுத்திருக்கிறான், வாசலைக் கழுவிக் கழுவிக் கை ஓய்ந்துவிட்டது. இந்த மனக்கசப்பு நியாயமானதே. மளிகையில் லாபம் காசுக் கணக்கு. களவு போவதோ வெள்ளிக் கணக்கு. ஆனால், படுத்திருப்பவன் யார், எங்கிருந்து வந்தான் என்று விசாரித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

சிரம்பானில் நமக்குத் தெரிந்த ஒருவர் கடையில், கையில் சர்டின் டின்னோடு ஒரு பெரியவர் பிடிபட்டார். "ஏன் பெரியவரே, கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேனா?" என்றார் கடைக்காரர். "கேட்டு வாங்கிப் பழக்கமில்லை முதலாளி. பற்று எழுதி வாங்கித்தான் பழக்கம்" என்று தலை குனிந்தார் அவர். லாபுப் பக்கத்துத் தோட்டமொன்றில் 30 ஆண்டு பால் வெட்டியவராம். தோட்டம் விலைபோயிற்று, லயம் இடிபட்டது. மகன் வீட்டில் சிறிது காலம் இருந்தார். அங்கே இரண்டே அறை. பிறகு அஞ்சடி.

இது ஒருவருடைய கதையன்று. 1950களில் ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கியதும், வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடி விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜீஸ் ஆராய்ந்து அறிக்கை எழுதினார். துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கியதும் இந்த அவதியைக் கண்டுதான். அதன் பின் 1969இல் பிரஜையல்லாதாருக்கு வேலைப் பெர்மிட் வந்தது. பத்திரமில்லாதவர் பலர் கப்பலேறினர். நெகிரி செம்பிலானில் கடைசி அடி 1990களில் விழுந்தது. நீலாய், லாபு, சிரம்பான் சுற்றுவட்டாரத்தில் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலம் வீட்டு மனைகளாயிற்று. சிரம்பான் 2 என்று நாம் இன்று கடை எடுக்கும் பட்டணமே முன்பு தோட்டம்தானே!

தோட்டத்து வீட்டின் தன்மையை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். வீடு வேலையோடு ஒட்டியது; வேலை போன நாளில் வீடும் போகும். தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் விதிக்கும் 1990ஆம் ஆண்டுச் சட்டமும் வேலையிலிருக்கும் வரைதான் காக்கும். வேலைநீக்க நஷ்டஈட்டுக்கு 1980ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன: ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் கூலி. நாம் வியாபாரிகள், கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 ஆண்டுக்கு 600 நாள். நாள் கூலி பத்து வெள்ளி என்று வைத்தால் 6,000 வெள்ளி. அந்தத் தொகைக்கு எந்தப் பட்டணத்தில் வீடு கிடைக்கும்? மாற்று வீடு தரவேண்டும் என்று அந்த விதிகளில் ஒரு வரி கிடையாது.

நிற்க. களவு களவுதான். வறுமை அதை ஹலாலாக்காது. உயிர் போகும் பசியில் பிறர் பொருளைத் தின்றவனும் அதன் விலைக்குக் கடன்பட்டவன் என்பதே நம் ஷாஃபிஈ இமாம்களின் சொல். ஆயினும் எடுத்த கையெல்லாம் வெட்டப்படும் என்று நினைப்பது அறியாமை. அந்தத் தண்டனைக்குப் பொருளின் மதிப்பு ஷாஃபிஈ மத்ஹபில் கால் தீனாரையும், ஹனஃபி மத்ஹபில் பத்து திர்ஹத்தையும் எட்டவேண்டும். பொருள் காவலுள்ள இடத்தில் இருந்திருக்க வேண்டும். இன்னும் பல நிபந்தனைகள் உண்டு. ஹிஜ்ரி 18இல் மதீனாவைப் பஞ்சம் வாட்டியபோது கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அத்தண்டனையை நிறைவேற்றாமல் நிறுத்தி வைத்தார்கள்.

அன்னாரின் இன்னொரு தீர்ப்பு முதலாளிமார் ஊன்றிப் படிக்கவேண்டியது. ஹாத்திப் இப்னு அபீ பல்தஆ (ரலி) அவர்களுடைய அடிமைகள், முஸைனா கூட்டத்தார் ஒருவரின் ஒட்டகத்தைத் திருடி அறுத்துத் தின்றுவிட்டனர். முதலில் கையை வெட்டச் சொன்ன உமர் (ரலி) அவர்கள், பிறகு ஹாத்திபை நோக்கி, நீர் இவர்களைப் பட்டினி போடுகிறீர் போலும் என்றார்கள். ஒட்டகத்தின் விலையைக் கேட்டார்கள். 400 திர்ஹத்துக்கும் கொடுக்க மறுத்தேன் என்றார் உடையவர். 800 திர்ஹம் கொடும் என்று ஹாத்திபுக்குக் கட்டளையாயிற்று. இதை முவத்தாவில் பதிவு செய்த மாலிக் இமாம், இரட்டிப்பு விலை தம் ஊரில் நடைமுறையில்லை, விலை மட்டுமே வாங்கப்படும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். எப்படியாயினும் வழக்கின் பாரம் யார் தோளில் ஏறிற்று என்று பாருங்கள். திருடியவன் அங்கேயே நிற்கிறான். பணம் கட்டியவர் அவனை வேலை வாங்கியவர்.

இந்த நாட்டில் திருட்டுக்குக் குற்றவியல் சட்டம் 379ஆம் பிரிவு. 7 ஆண்டு வரை சிறை. 411ஆம் பிரிவையும் நம்மவர் மறக்கலாகாது. களவுப் பொருள் என்றறிந்து வாங்குபவனுக்கு உரியது அது. இருட்டின பிறகு சைக்கிளில் வரும் கட்டிப்பாலையும் ஒட்டுப்பாலையும் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளும் கடைகள் உண்டு. ரப்பர் வாரியத்தின் லைசென்ஸ் இல்லாமல் பால் வாங்குவதே குற்றம். பசிக்கு ரொட்டி எடுத்தவனைப் போலீசில் ஒப்படைத்துவிட்டு, களவுப் பாலில் லாபம் பார்ப்பவருக்கு ஜமாஅத்தில் முன்வரிசை கொடுப்பது என்ன நீதி?

செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. பெரியவர்களுக்குச் சேமநிதியில் பாக்கி உண்டா, சொக்சோ கிடைக்குமா, அடையாளக் கார்டு எந்த நிறம் என்று கேட்டுப் பாரம் நிரப்பிக் கொடுக்க நம் கடைப் பிள்ளைகளுக்குத் தெரியும். சமூக நல இலாகாவுக்குச் சொல்லலாம்; வாசலில் கிடப்பவருக்குப் போலீஸ் ஒன்றே வழியன்று. 1977ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டப்படி அந்த இலாகா அவர்களை இல்லத்தில் சேர்க்கலாம். அடைத்து வைக்கிறார்களே என்று அதற்கு அஞ்சுபவர்களும் இருக்கிறார்கள். ஆகவே முதலில் அவர் விருப்பத்தைக் கேளுங்கள்.

சிரம்பான் கடைக்காரர் போலீசுக்குப் போகவில்லை. பேரேட்டில் பெரியவர் பெயருக்கு ஒரு பக்கம் திறந்தார். காலையில் வாசல் கூட்டவும் மூட்டை எண்ணவும் கூலி பேசினார். முதல் மாதக் கணக்கில் பற்று 23 வெள்ளி. அந்தச் சர்டின் டின்னையும் அதில் எழுதச் சொன்னவர் பெரியவர்தாம்.