இல்லத்து அடுப்பும் விரைவுணவுக் கடையும்

சிராவக ஒழுக்கத்தை எடுத்துரைக்கும் நூல்கள் உணவுக்குப் பேரிடம் தந்துள்ளன. ஊன், கள், தேன் ஆகிய மூன்றையும் நீக்குதல், நீரை வடித்து அருந்துதல், இரவில் உண்ணாமை ஆகியவற்றை நம் இல்லத்துப் பிள்ளைகள் ஏட்டைத் திறவாமலே கற்று வளர்ந்தனர். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அந்நூல்கள் எழுந்த காலத்தில் உண்பவருக்கும் சமைப்பவருக்கும் இடையில் இருந்தது ஒரு நிலைப்படி மட்டுமே. இன்ன தானியம், இன்ன எண்ணெய், இன்ன பாத்திரம் என்பதை உண்பவர் கேளாமலே அறிந்திருந்தார். இன்றோ அவ்விடைவெளியில் ஆலையும் குளிர்பதனக் கிடங்கும் கடைப்பணியாளரும், வண்டியில் கொண்டுவந்து தரும் இளைஞரும் வந்து நிற்கின்றனர். ஆகவே எதை உண்ணலாம், எதை உண்ணலாகாது என்னும் பழைய வினாவுக்கு முன்பாக, நாம் உண்பது எது என்று அறிய இயலுமா என்னும் புதிய வினா எழுந்துள்ளது. அவ்வினாவையே இக்கட்டுரை ஆராய்கிறது.

சென்ற தசலட்சண நாட்களில் சென்னையில் என் மகன் இல்லத்தில் தங்கியிருந்தேன். கல்லூரியில் முதலாண்டு பயிலும் பேரன் ஒரு மாலை என்னிடம் வந்து, “தாத்தா, நண்பர்களோடு வெஜ் ஃபிரைட் ரைஸ் சாப்பிட்டால் என்ன தவறு? சைவம் என்றுதானே பலகையில் எழுதியிருக்கிறார்கள்?” என்று வினவினான். நான் சற்றும் தயங்காமல், “அதில் அஜினோமோட்டோ போடுகிறார்கள், அது விலங்கின் எலும்பிலிருந்து எடுப்பது” என்றேன். பேரன் மறுத்தான். அச்சுவையை 1908ஆம் ஆண்டில் ஜப்பானியப் பேராசிரியர் கிகுனே இக்கேதா என்பவர் கடற்பாசியிலிருந்து பிரித்தறிந்தார் என்றும், இன்று அவ்வுப்பு கரும்புப் பாகு, மரவள்ளி மாவு போன்றவற்றை நொதிக்கவைத்துச் செய்யப்படுகிறது என்றும் கூறினான். பின்னர் விசாரித்ததில் அவன் சொன்னதே மெய் என்று தெளிந்தேன். பல்லாண்டுகளாக ஊரில் பலருக்கும் நான் சொல்லிவந்த செய்தி பொய்யாயிற்று! பொய்க் காரணத்தைக் காட்டி மெய்யான விரதத்தைக் காக்க முற்படுவதில் பெருந்தீங்கு உண்டு. காரணம் பொய் என்று தெரியும் நாளில், விரதமும் பொய் என்றே இளைஞர் முடிவு செய்துவிடுவர்.

மறுநாள் மாலை அவனையே அழைத்துக்கொண்டு அக்கடைக்குச் சென்றேன், உண்பதற்கன்று, காண்பதற்கு. தெருவோரத்தில் பெரிய இரும்புச் சட்டி ஒன்று கொழுந்துவிட்டெரியும் அடுப்பின்மேல் இருந்தது. சமைப்பவர் முட்டையை உடைத்து ஊற்றினார், கோழித்துண்டுகளைச் சேர்த்தார், சோற்றைக் கொட்டிக் கிளறித் தட்டில் இட்டார். அடுத்து வந்தவர் வெஜ் கேட்டார். ஒரு கரண்டி நீரைச் சட்டியில் ஊற்றித் துடைப்பத்தால் ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே தள்ளினார். அதே சட்டியில், அதே கரண்டியால் முட்டைக்கோசும் காரட்டும் வதங்கின. அவ்வுழைப்பாளியைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. பலகையில் உள்ள சொல்லுக்கு மாறாக அவர் எதையும் செய்யவில்லை, காய்கறிதான் போட்டார். சைவம் என்னும் சொல்லுக்கு அவர் கொண்ட பொருள் வேறு, நாம் கொண்ட பொருள் வேறு. பேரன் ஒன்றும் பேசாமல் என்னுடன் திரும்பி நடந்தான்.

தெருக்கடை அவ்வாறாயினும் உலகெங்கும் கிளை பரப்பிய பெரிய நிறுவனங்களில் முறையாக எழுதிவைத்திருப்பார்களே என்பர் சிலர். அமெரிக்க நாட்டில் நிகழ்ந்ததை அவர்கள் அறிதல் நலம். மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் தன் உருளைக்கிழங்கு வறுவலை நெடுங்காலம் மாட்டுக் கொழுப்பு கலந்த எண்ணெயில் பொரித்து வந்தது. 1990ஆம் ஆண்டில், இனித் தாவர எண்ணெயே பயன்படுத்துவோம் என்று அறிவித்தது. அவ்வறிவிப்பை நம்பி அங்கு வாழ்ந்த இந்துக்களும் சமணர்களும் பிற மரக்கறி உணவினரும் அவ்வறுவலை உண்டுவந்தனர். எண்ணெய் தாவர எண்ணெய்தான். ஆனால் கிழங்கைத் துண்டாக்கி உறையவைக்கும் ஆலையிலேயே, மாட்டிறைச்சியிலிருந்து பெற்ற சுவைப்பொருள் சிறிதளவு அதில் சேர்க்கப்பட்டது. உட்பொருள் பட்டியலில் அது ‘இயற்கைச் சுவை’ என்ற பெயரில் ஒளிந்திருந்தது. 2001ஆம் ஆண்டு மே மாதம் சியாட்டில் நகரில் வழக்குத் தொடரப்பட்டது. 2002இல் நிறுவனம் மன்னிப்புக் கோரி, 1 கோடி டாலர் வழங்க இசைந்தது. அத்தொகையின் பெரும்பகுதி மரக்கறி உணவு அமைப்புகளுக்கு என ஒதுக்கப்பட்டது. இந்தியக் கிளைகளில் அச்சுவைப்பொருள் சேர்க்கப்படுவதில்லை என்று நிறுவனம் அப்போதே தெரிவித்தது. கிழங்கையே விலக்கியவருக்கு இவ்வழக்கால் என்ன நட்டம் என்று நம்முள் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும், ஆனால் பதினோராண்டுகள் அறியாமல் உண்டவரின் துயரத்தை டாலரால் அளக்க இயலாது.

நம் நாட்டில் பொட்டல உணவின்மீது மரக்கறிக் குறியாகிய பச்சைப் புள்ளியும், புலாற்குறியாகிய பழுப்புப் புள்ளியும் 2001ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக்கப்பட்டன. நிறவேறுபாடு காண இயலாதவர்க்கும் விளங்கும் பொருட்டு, புலாற்குறியை முக்கோணமாக மாற்ற 2020ஆம் ஆண்டின் விதிகள் வகைசெய்தன. இக்குறிகள் நமக்குப் பேருதவி என்பதில் ஐயமில்லை. எனினும் சட்டத்தின் பச்சைப் புள்ளி வேறு, சிராவகரின் விலக்கு வேறு. சட்டம் தேனைப் புலாலுணவாகக் கொள்வதில்லை. தேன் புட்டியின்மீதே பச்சைப் புள்ளி இருப்பதைக் கடையில் காணலாம். நொதித்த மாவும் கிழங்கும் பூண்டும் வெங்காயமும் அப்புள்ளியின்கீழ் அடங்குவனவே.

எண்களின் செய்தி இன்னும் நுட்பமானது. 120 என்னும் செந்நிறம் பூச்சியின் உடலிலிருந்து எடுக்கப்படுவது. அதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் நொறுக்குத் தீனிகளில் காணும் 631 என்னும் சுவையூட்டி மீனிலிருந்தோ இறைச்சியிலிருந்தோ பெறப்படலாம். தாவர மாவை நொதிக்கவைத்தும் பெறப்படலாம். கேக்கிலும் பனிக்கூழிலும் சேரும் 471 என்பதும் தாவர எண்ணெயிலிருந்தோ விலங்குக் கொழுப்பிலிருந்தோ வரக்கூடியதே. எண் ஒன்று, பிறப்பிடம் இரண்டு. எண்ணை மட்டும் மனப்பாடம் செய்து இது ஆகும், இது ஆகாது என்று சொல்லிவிட முடியாது. இதனாலன்றோ 2021ஆம் ஆண்டு டிசம்பரில் டில்லி உயர்நீதிமன்றம், ஓர் உட்பொருள் எத்துணைச் சிறிய அளவினதாயினும் அது தாவரத்திலிருந்து வந்ததா விலங்கிலிருந்து வந்ததா என்பதை, எண்ணால் மட்டுமின்றி வெளிப்படையாகவே உணவுத் தொழில் செய்வோர் தெரிவித்தல் வேண்டும் என்று ஆணையிட்டது! அவ்வாணையில் எடுத்துக்காட்டாகச் சுட்டப்பட்டதும் இந்த 631 தான்.

இவ்வளவும் கூறியபின், வீட்டு அடுப்பில் சமைத்ததெல்லாம் தூயது என்று முடித்துவிடுவது எளிது. உண்மை அவ்வாறில்லை. பொட்டல நூடுல்ஸ் 1983ஆம் ஆண்டு நம் நாட்டுக் கடைகளுக்கு வந்தது. இன்று அது வெந்நீரில் வேகும் இடம் பெரும்பாலும் நம் வீட்டு அடுப்பே. ஆலையில் செய்ததை வீட்டில் சூடாக்குதல் சமைத்தல் ஆகாது. அரைத்த மாவை மழைக்காலத்தில் 3 நாள், கோடையில் 5 நாள், குளிர்காலத்தில் 7 நாள் வரையே கொள்ளலாம் என்று நம் மரபில் ஒரு வரையறை உண்டு. நாட்பட்ட மாவில் நுண்ணுயிர் தோன்றும் என்பதே காரணம். கடையில் மாதக்கணக்கில் கிடந்த மாவைக் கொணர்ந்து அவ்வரையறையை நினைப்பவர் நம்மில் எத்தனை பேர்? எண்ணெயும் அவ்வாறே. மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெயில் கேடான சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தலாகாது என்று 2018ஆம் ஆண்டு முதல் கடைகளுக்கு விதி உண்டு. நேற்றுப் பலகாரம் சுட்ட எண்ணெயை இன்று தாளிக்க எடுக்கும் நம் வீட்டில் அதை அளப்பவர் யார்? ஆயினும் வேறுபாடு ஒன்று நிலைத்து நிற்கிறது. வீட்டில் நடக்கும் பிழையை நாம் காணலாம், கேட்கலாம், நாளையே திருத்தலாம். கடையில் நடப்பதை மூன்றும் செய்ய இயலாது.

இங்கே கசப்பான செய்தி ஒன்றையும் சொல்ல வேண்டியுள்ளது. வீட்டில் சமைத்தல் நன்று என்று மேடையில் ஏறி மொழிபவர் பெரும்பாலும் ஆடவர். அவ்வேளையில் அடுக்களையில் நின்று கூட்டத்தாருக்கு உணவு ஆக்குபவர் பெண்டிர். 2019ஆம் ஆண்டு நடுவணரசு எடுத்த காலப் பயன்பாட்டுக் கணக்கின்படி, ஊதியமின்றி வீட்டுவேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், அவ்வேலையில் பங்குகொள்ளும் சிறுபான்மை ஆடவர் 97 நிமிடங்களும் அதற்குச் செலவிடுகின்றனர். என் மருமகள் காலை எட்டு மணிக்கு அலுவலகம் புறப்பட்டு இரவு ஏழு மணிக்கு வீடு திரும்புபவள். சென்னையில் கார்த்திகை மாதத்துக் கதிரவன் மாலை 5.40 மணி அளவில் மறைந்துவிடும், ஆடியிலும் 6.40ஐத் தாண்டுவதில்லை. ஏழு மணிக்கு வந்தவள் கதிரவன் மறையுமுன் எவ்வாறு சமைப்பாள்? விரதம் வழுவியதற்கு அவளைக் குறைகூறிய நாட்களும் உண்டு. இன்று அதை நினைத்தால் நாணமே மிகுகிறது.

தீர்வை அவளே கண்டாள். காலையில் ஒரே சமையலில் இரண்டு டப்பாக்கள் நிரம்புகின்றன. ஒன்று நண்பகலுக்கு, மற்றொன்று மாலை ஐந்து மணிக்கு. இரண்டாவதில் புளிச்சோறு, எள்ளுச்சோறு, சப்பாத்தி என மாலை வரை கெடாது நிற்பவை. இவ்வேற்பாடு ஒருவர் கையால் மட்டும் நடவாது என்பதை வீட்டில் அனைவரும் உணர்ந்தனர். அதுவரை அடுக்களைப் பக்கம் நில்லாத என் மகன் விடியற்காலை ஐந்தரை மணிக்குக் காய் நறுக்குகிறான். அவன் நறுக்கும் அவரை ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் இருக்கும். வெந்தபின் யாரும் அளப்பதில்லை. எள்ளை வறுத்துப் பொடித்து வைப்பது ஞாயிற்றுக்கிழமை தோறும் பேரனின் பொறுப்பு.

அவன் இப்போதும் நண்பர்களோடு கடைக்குச் செல்கிறான். செல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடைக்காரரிடம், “சட்டி தனியா? எந்த எண்ணெய்? வெண்ணெய்க் கட்டியை எதைக்கொண்டு உறையவைத்தது?” என்று கேட்கிறானாம். சில கடைகளில் விடை கிடைக்கிறது; பலவற்றில் முகச்சுளிப்புக் கிடைக்கிறது. விடை கிடைக்காத இடத்தில் பழச்சாறு மட்டும் அருந்திவிட்டு, இரண்டாவது டப்பாவைத் திறக்கிறான். நண்பர் இருவர் எள்ளுச்சோற்றுக்குப் பங்கு கேட்கத் தொடங்கிவிட்டதால், டப்பா பெரிதாக வேண்டும் என்று அவன் தாயிடம் முறையிட்டிருக்கிறான்.

சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தான். பிறந்தநாளுக்கு நண்பன் தந்த பிஸ்கோத்துப் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்தது. அதன் கீழே சிற்றெழுத்தில் தேன் என்றும் இருந்தது. “நான் உண்ண மாட்டேன் தாத்தா. ஆனால் இதை அடுத்த அறைப் பையனுக்குக் கொடுக்கலாமா? செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் ஒன்றே என்று நீங்கள்தானே சொல்லித் தந்தீர்கள்? கொடுத்தால் செய்வித்தல் ஆகுமே, எறிந்தால் உணவை வீணாக்கியது ஆகுமே” என்றான். நாளை சொல்கிறேன் என்று கூறித் தொலைபேசியை வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து அருங்கலச்செப்பை எடுத்தேன்.