ஆங்கிலத்தில் நிகழ்வாய்ப்புப் பொருண்மைச் சொற்களும் தமிழாக்கச் சிக்கல்களும்

முன்னுரை

ஒரு நிகழ்ச்சியை உறுதிபடக் கூறாது, நிகழ்வதற்கு இடமுண்டு என்னும் அளவில் கூறுவதற்கு ஒவ்வொரு மொழியும் தனக்கெனச் சில வழிகளைக் கொண்டுள்ளது. ஆங்கிலத்தில் 'மே', 'மைட்', 'கேன்', 'குட்' ஆகிய துணைவினைகளும் 'பர்ஹாப்ஸ்', 'ப்ராபப்ளி' முதலிய வினையடைகளும் இப்பணியை ஆற்றுகின்றன. இத்துணைவினைகளைத் தமிழாக்குங்கால் 'லாம்' என்னும் ஒரே ஈறு பெரிதும் கையாளப்படுகிறது. அதனால் நேரும் பொருள்மயக்கத்தையும் அதனைக் களையும் வழிகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சொற்பொருள் வளர்ச்சி

'மே' என்பது பழைய ஆங்கிலத்தில் ஆற்றலுடைமையைக் குறித்த வினையாகும். வலிமை எனப் பொருள்படும் 'மைட்' என்னும் பெயர்ச்சொல்லும் அவ்வேரினதே. 'கேன்' முதலில் அறிதலைக் குறித்துப் பின்னர் இயலுதலைக் குறிக்கலாயிற்று. ஆற்றற்பொருளிலிருந்தே இசைவு, நிகழ்வாய்ப்பு ஆகிய பொருள்கள் கிளைத்தன. தமிழில் 'செய்யல்' என்னும் தொழிற்பெயருடன் 'ஆம்' சேர்ந்து அமைந்த 'செய்யலாம்' என்பதும் இசைவு, நிகழ்வாய்ப்பு ஆகிய இரண்டையும் தாங்குகிறது. இவ்வொப்புமையே 'மே' என்பதற்கு 'லாம்' நேர்நிகர் என்னும் எண்ணத்திற்கு இடமளிக்கிறது.

எதிர்மறையில் வேறுபாடு

இவ்வொப்புமை உடன்பாட்டு வாக்கியங்களில் மட்டுமே நிலைக்கிறது. 'ஹி மே நாட் கம்' என்பது வாராமைக்குரிய வாய்ப்பையும், 'யு மே நாட் எண்டர்' என்பது நுழைவதற்கான தடையையும் உணர்த்துகின்றன. ஆங்கிலத்தில் வடிவம் ஒன்று. பொருளைச் சூழலே பிரிக்கிறது. தமிழிலோ முன்னது 'அவர் வராமலிருக்கலாம்' எனவும் பின்னது 'நீங்கள் நுழையக்கூடாது' எனவும் அமையும். 'இட் கேனாட் பி ட்ரூ' என்பது 'அது உண்மையாக இருக்க முடியாது' என வேறொரு துணைவினையைப் பெறும். எனவே எதிர்மறையில் தமிழே நுண்ணிய வேறுபாட்டை வடிவத்தால் காட்டுகிறது.

இறந்தகாலத்தில் மயக்கம்

இறந்தகாலத்தில் இந்நிலை மாறுகிறது. 'மே ஹாவ் கம்' என்பது வந்தாரா என்பது தெரியாத நிலையைக் குறிக்கும். 'குட் ஹாவ் கம்' என்பது அப்பொருளுடன், வர இயன்றும் வாராமையையும் குறிக்கும். தமிழில் 'வந்திருக்கலாம்' இவ்விரு பொருளுக்கும் பொதுவாகிறது. தெரியாமையை 'வந்திருக்கக்கூடும்' என்றும், இயன்றும் நிகழாமையை 'வந்திருக்க முடியும். வரவில்லை' என்றும் பிரித்தெழுதின் மயக்கம் நீங்கும். சாட்சியம், நீதிமன்றத் தீர்ப்பு போன்றவற்றின் மொழிபெயர்ப்பில் இவ்வேறுபாடு வழக்கின் போக்கையே மாற்றவல்லது.

வாய்ப்பின் அளவு

வினையடைகளில் சிக்கல் அளவு பற்றியது. 'பர்ஹாப்ஸ்' எப்பக்கமும் சாராதது. 'ப்ராபப்ளி' நிகழ்தலின் பக்கம் சாய்வது. முன்னதற்கு 'ஒருவேளை' பொருந்தும். பின்னதற்கு வழங்கும் 'பெரும்பாலும்' அடிக்கடி நிகழ்தலையும் சுட்டுவதால், 'பெரும்பாலும் வருவார்' என்பது வழக்கத்தைக் கூறுகிறதா, எதிர்பார்ப்பைக் கூறுகிறதா என்னும் ஐயம் எழுகிறது.

ஆங்கிலத்திலும் இவ்வளவு வரையறை பெற்றதன்று. 1951இல் அமெரிக்க உளவு மதிப்பீட்டறிக்கை ஒன்று, யுகோஸ்லாவியா தாக்கப்படுவதை 'சீரியஸ் பாசிபிலிட்டி' எனக் குறித்தது. அத்தொடரை ஏற்று அறிக்கையை உருவாக்கியோரே அதற்கு நூற்றுக்கு 20 முதல் 80 வரை வெவ்வேறு அளவுகளை எண்ணியிருந்தனர் என்பதை ஷெர்மன் கென்ட் 1964இல் எழுதிய கட்டுரையில் பதிவுசெய்தார். காலநிலை மாற்றம் குறித்த பன்னாட்டு அரசுகளின் குழு (ஐ.பி.சி.சி.) தன் அறிக்கைகளில் 'லைக்லி' என்பதற்கு 66 முதல் 100 விழுக்காடும், 'வெரி லைக்லி' என்பதற்கு 90 முதல் 100 விழுக்காடும் என வரையறுத்துள்ளது. இவ்விரண்டையும் 'லாம்' ஈற்றால் மட்டும் பெயர்ப்பின் மூலத்தின் அளவு முற்றிலும் மறைந்துவிடும்.

முடிவுரை

நிகழ்வாய்ப்புச் சொற்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் போதாது. மூலத்தொடர் இசைவைக் கூறுகிறதா, ஆற்றலைக் கூறுகிறதா, வாய்ப்பைக் கூறுகிறதா என்பதை முதலில் துணிதல் வேண்டும். இசைவுக்கு 'லாம்', ஆற்றலுக்கு 'முடியும்', வாய்ப்புக்குக் 'கூடும்' எனப் பகுத்தாளுதல் சட்ட, அறிவியல் தமிழுக்குத் தெளிவு தரும். அளவு வரையறுக்கப்பட்ட இடங்களில் 'நிகழ்வதற்கான வாய்ப்பு மிகுதி' போன்ற தொடர்களை ஒரு நூல் முழுதும் ஒரே பொருளில் ஆளுதலும் இன்றியமையாதது.