கணக்கேட்டிலும் கடவுளைக் கண்டவர்
முத்திப்பேறு பெற்ற சூசை தொவீனி



ஈட்டுப் பத்திரம், வட்டிக் கணக்கு, தவணைப் பணம் என்ற சொற்களைக் கேட்டவுடன் எவருடைய உள்ளத்திலும் செபமோ தியானமோ தோன்றுவதில்லை. ‘பணத்தோடு பழகுகிறவன் பரலோகத்தை நினைக்க நேரமேது?’ என்றே பலரும் எண்ணுகின்றனர். பீடத்தில் வணக்கத்துக்கு உயர்த்தப்பட்டோரின் வரிசையில் குருக்களையும் துறவியரையும் வேதசாட்சிகளையும் எளிதாகக் காண்கிறோம். வங்கிகளை நிறுவிய ஒருவரை அங்கே தேடுவோமா? அப்படி ஒருவர் இருக்கிறார். இத்தாலி நாட்டவர், சட்டத்தரணி, பத்துப் பிள்ளைகளின் தந்தை. ஜுசெப்பே தொவீனி என்பது அவர் பெயர். நம் வழக்கில் சொன்னால் சூசை தொவீனி.

அவரை அறியுமுன், சுவிசேஷத்தில் வரும் இருவரை நினைவிற் கொள்ளுங்கள். இருவரும் ஆயக்காரர். ஆண்டவர் அழைத்தபோது மத்தேயு ஆயத்துறையை விட்டெழுந்து அவர் பின்னே போனார். சக்கேயுவோ எரிக்கோவிலேயே இருந்தார். தம் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், எவரையேனும் ஏமாற்றியிருந்தால் நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுப்பதாகவும் வாக்களித்தார். அவருடைய வீட்டுக்கு அன்று இரட்சிப்பு வந்தது என்று கூறிய ஆண்டவர், அவருடைய தொழிலை விட்டுவிடும்படி கேட்டதாக சுவிசேஷம் கூறவில்லை. பணத்தை விட்டுப் போவது ஒரு வழி. பணத்தின் நடுவிலே நின்று அதை நீதிக்குக் கட்டுப்படுத்துவது மற்றொரு வழி. பொதுநிலையினரில் பெரும்பாலோருக்கு வாய்த்திருப்பது இந்த இரண்டாவது வழியே. தொவீனியின் வழியும் இதுவே.

ஈடும் அடைவும் பற்றி வேதம் கூறுவது

காணியை ஈடு வைப்பதும், ஒற்றிக்குக் கொடுப்பதும், நகையை அடைவு வைப்பதும் நமக்குப் புதியவையல்ல, வேதாகமத்துக்கும் புதியவையல்ல. ஏழையின் மேற்போர்வையை ஈடாக வாங்கினால் சூரியன் மறையுமுன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது யாத்திராகமம் 22ஆம் அதிகாரம். இரவுக் குளிருக்கு அவனிடம் அது ஒன்றே உண்டு. மாவரைக்கும் திரிகைக்கல்லை ஈடாக வாங்கலாகாது என்கிறது உபாகமம் 24ஆம் அதிகாரம். கல் போனால் அந்த வீட்டின் அன்றாட உணவும் போய்விடும். ஈட்டுப் பொருளை எடுக்கக் கடன்காரனின் வீட்டுக்குள் நுழையவும் கூடாது. அவன் கொண்டுவந்து தரும்வரை வெளியே நிற்க வேண்டும் என்று அதே அதிகாரம் கூறுகிறது. கடன்பட்டவனுக்கும் மானம் உண்டு என்பதே இதன் பொருள்.

நெகேமியாவின் காலத்தில் யெருசலேமின் ஏழைகள் தானியத்துக்காகத் தம் வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் வீடுகளையும் ஈடு வைத்தனர். பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொடுக்க நேர்ந்தது. கடன் கொடுத்தோர் அவர்களின் சொந்த இனத்தவரே. நெகேமியா அவர்களைச் சபையில் நிறுத்தி, நிலங்களையும் வாங்கிய வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் செய்தார். இவை கடன் கொடுப்பதையே தடுக்கும் வசனங்கள் அல்ல. கடன் கொடுத்தவன் கடன்பட்டவனின் வாழ்வைப் பறிப்பதையே இவை தடுக்கின்றன.

திருச்சபையும் இந்த வழியிலேயே நடந்தது. அநியாய வட்டியை அது கண்டித்தது. ஆனால் கண்டித்ததோடு நின்றுவிடவில்லை. 1462இல் இத்தாலியின் பெறூஜியா நகரில், பிரான்சிஸ்கு சபைத் துறவிகளின் தூண்டுதலால் ‘இரக்கத்தின் நிதி’ எனப்பட்ட அடைவு நிலையம் எழுந்தது. ஏழைகள் சிறு பொருளை வைத்து, நடத்தும் செலவுக்கு வேண்டிய அளவு மாத்திரம் கட்டணம் செலுத்திக் கடன் பெற்றனர். 1515இல் ஐந்தாம் லாத்தரன் பொதுச்சங்கத்தின் காலத்தில் பாப்பரசர் பத்தாம் சிங்கராயர் இம்முறையை ஏற்று அங்கீகரித்தார். ‘வட்டிக்காரனிடம் போகாதே’ என்று ஏழைக்குப் புத்தி சொல்வது எளிது. அவன் வேறெங்கே போவது என்பதற்கு விடை கொடுப்பதே அன்பு. மூன்றரை நூற்றாண்டுகளின் பின் தொவீனி எடுத்துக்கொண்ட பணியும் அதுவே.

மலைநாட்டுச் சிறுவன்

வட இத்தாலியின் பிறெஷா மாகாணத்தில், கமோனிக்கா பள்ளத்தாக்கிலுள்ள சிவிதாத்தே என்னும் ஊரில், 1841ஆம் ஆண்டு மார்ச் 14ந் திகதி தொவீனி பிறந்தார். ஏழு பிள்ளைகளுள் மூத்தவர். குருவானவரான தாய்மாமனின் முயற்சியால், வெறோனா நகரில் ஏழை மாணவருக்கென வண. நிக்கோலா மாத்சா அடிகளார் நடத்திய விடுதியில் அவருக்கு இடம் கிடைத்தது. பிறருடைய தருமத்தால் படித்தவர் என்பதை மறவாதிருங்கள். பிற்காலத்தில் அவர் பள்ளிக்கூடங்களுக்காக ஏன் அவ்வளவு பாடுபட்டார் என்பது இதிலிருந்து விளங்கும். 1865இல் சட்டத்தில் பட்டம் பெற்று, 1867இல் பிறெஷா நகருக்கு வந்து, ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் தொழில் பழகினார். 1875இல் அந்தச் சட்டத்தரணியின் மகள் எமீலியாவைத் திருமணம் செய்தார். அவர்களுக்குப் பத்துப் பிள்ளைகள். ஒரு மகன் யேசுசபையிற் சேர்ந்தார்; இரு பெண்கள் கன்னியராயினர்.

அவர் வாழ்ந்த காலம் இத்தாலியத் திருச்சபைக்குச் சோதனைக் காலம். 1870இல் உரோமாபுரி புதிய இத்தாலிய அரசின் கைக்குப் போயிற்று. துறவற மடங்கள் பலவற்றின் சொத்துக்கள் பறிமுதலாயின. பாராளுமன்றத் தேர்தல்களில் கத்தோலிக்கர் பங்குபற்றுவது தகாது என்று பாப்பரசர் அறிவித்திருந்தார். ‘இனி நமக்கு என்ன இருக்கிறது? கோவிலுக்குள் இருந்து செபிப்போம்’ என்று பலர் ஒதுங்கிக்கொண்டனர். தொவீனி ஒதுங்கவில்லை. பாராளுமன்றத்தின் கதவு மூடியிருந்தால் ஊராட்சியின் கதவு திறந்திருக்கிறதே என்றார் போல, 1871 முதல் சில ஆண்டுகள் தம் பிறந்த ஊரின் முதல்வராகப் பணியாற்றினார். பின்னர் பிறெஷா நகரசபையிலும் அங்கத்தவரானார். மலைநாட்டுக்குப் புகையிரதப் பாதை வேண்டுமென்று வாதாடினார். 1878இல் ‘பிறெஷா நகர்க் குடிமகன்’ எனப் பொருள்படும் பெயருடைய கத்தோலிக்கத் தினசரி தொடங்குவதற்கு முன்னின்று உழைத்தார். 1893இல் ஆசிரியர்களுக்கென ஒரு சஞ்சிகையையும் தொடக்கினார்.

மூன்று வங்கிகள்

1872இல் கமோனிக்கா பள்ளத்தாக்கின் பிறேனோ என்னும் ஊரில் ஒரு வங்கி, 1888இல் பிறெஷா நகரில் ‘சான் பவுலோ’ வங்கி, 1896இல் மிலான் நகரில் ‘அம்புறோசியானோ’ வங்கி ஆகிய மூன்றின் தோற்றத்திலும் தொவீனியின் கை இருந்தது. அப்போஸ்தலரான அர்ச். சின்னப்பரின் பெயர் ஒன்றுக்கு. வட்டிக்காரரைக் கண்டித்துத் தனி நூலே எழுதிய மிலான் ஆயர் அர்ச். அம்புறோசியாரின் பெயர் மற்றதற்கு. பெயரே நோக்கத்தைச் சொல்லிற்று.

கத்தோலிக்கருக்கென்று வங்கி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மலையடிவாரக் கமக்காரனை எண்ணிப் பாருங்கள். விதைப்புக் காலத்தில் அவன் கையில் பணமில்லை. அறுவடைக்குப் பின்னரே வரும். இடையில் அவன் கடன் வாங்கியே ஆக வேண்டும். ஊர் வட்டிக்காரனுக்கு அவனுடைய நிலத்தின் மேலேயே கண் இருந்தால், கடன் தீராமற் போவதே அவனுக்கு இலாபம். கமக்காரன் தோற்றால் அவன் வெல்கிறான். ஊரவர் சேமிப்பைத் திரட்டி நேர்மையாக நடக்கும் வங்கியின் நிலை வேறு. கடன்பட்டவன் உழுது அறுத்துத் தவணை கட்டினாற்றான் வங்கியும் நிலைக்கும்; இருவரும் சேர்ந்தே எழுகிறார்கள் அல்லது சேர்ந்தே விழுகிறார்கள். ஈட்டுப் பத்திரம் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கலாம். அதைப் பெட்டியில் வைத்திருப்பவன் எதற்காகக் காத்திருக்கிறான் என்பதிலேதான் வேறுபாடு.

இன்னொரு நோக்கமும் இருந்தது. அரசின் தயவில் தங்கியிராமல் கத்தோலிக்கப் பாடசாலைகளும் தரும நிலையங்களும் நிலைபெறுவதற்குப் பொருளாதார அடித்தளம் வேண்டியிருந்தது. விசுவாசமில்லாத பிள்ளைக்கு எவ்வளவு கொடுத்தாலும் அது செல்வமாகாது, விசுவாசமுள்ள பிள்ளை எதுவுமின்றியும் ஏழையாகாது என்பது தொவீனியின் உறுதியான எண்ணம். 1891இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றிய தம் புகழ்பெற்ற சுற்றுமடலில், ஏழைகளை விழுங்கும் வட்டியைக் கண்டித்து, கத்தோலிக்கர் சங்கங்களாக இணைந்து செயற்பட வேண்டுமென ஊக்குவித்தார். பிறெஷா நகரில் அந்த வேலை அதற்கு முன்னரே தொடங்கியிருந்தது.

இத்தனைக்கும் ஊற்று எது? தினந்தோறும் திருப்பலியும் நற்கருணையும் செபமும். 1881இல் அவர் அர்ச். பிரான்சிஸ்கு அசிசியாரின் மூன்றாம் சபையிற் சேர்ந்தார். ஏழ்மையைத் தம் மணவாட்டியாகக் கொண்ட அசிசியாரின் சீடர் ஒருவர் வங்கிகளை நிறுவினார் என்பது முரணாகத் தோன்றலாம். ஆனால், பணத்தின் மேல் ஆசையற்றவன் கையிற்றான் பிறருடைய பணம் பத்திரமாயிருக்கும்.

1897ஆம் ஆண்டு ஜனவரி 16ந் திகதி, 55ஆவது வயதில் தொவீனி காலமானார். அதே ஆண்டு செப்டெம்பர் மாதம், பிறெஷா நகருக்கு அண்மையிலுள்ள கொன்செசியோவில் ஒரு குழந்தை பிறந்தது. குழந்தையின் தந்தை ஜோர்ஜியோ மொந்தீனி, தொவீனியின் முயற்சியால் எழுந்த அந்தத் தினசரியின் இயக்குநர். குழந்தைதான் பின்னர் பாப்பரசர் ஆறாம் சின்னப்பரானது. 1970ஆம் ஆண்டு டிசெம்பர் 4ந் திகதி எமது இலங்கை மண்ணில் கால் பதித்த அதே பாப்பரசர்தான். 1998 செப்டெம்பர் 20இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், பிறெஷா நகரிலேயே தொவீனிக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கினார்.

கசப்பான ஒரு பாடம்

இத்துடன் நிறுத்தினால் கதை இனிமையாக முடியும். ஆனால் உண்மையை முழுவதும் சொல்ல வேண்டும். மிலானின் அம்புறோசியானோ வங்கியில் பங்கு வாங்க விரும்பியோர் ஞானஸ்நானப் பத்திரமும் பங்குக் குருவின் நன்னடத்தைச் சான்றும் காட்ட வேண்டும் என்ற ஒழுங்கு இருந்தது. அந்த வங்கியே 1982இல், ஏறக்குறைய 130 கோடி டொலர் கடனோடு சரிந்தது. அதன் தலைவர் அவ்வாண்டு ஜூன் மாதம் லண்டனில் ஒரு பாலத்தின் கீழ் தூக்கில் தொங்கிய நிலையிற் காணப்பட்டார். வத்திக்கானின் நிதி நிறுவனத்துக்கு இந்த வங்கியோடிருந்த தொடர்பு உலகமெங்கும் பேசப்பட்டது. 1984இல் அந்நிறுவனம், சட்டப்படி பொறுப்பை ஏற்காமலே, கடன் கொடுத்தோருக்கு 20 கோடி டொலருக்கு மேற்பட்ட தொகையைச் செலுத்திற்று.

தொவீனி மறைந்து 85 ஆண்டுகளின் பின் நடந்ததற்கு அவர் பொறுப்பாளியல்லர். என்றாலும் இது நமக்கு ஒரு பாடம். ஞானஸ்நானப் பத்திரத்தைப் பெட்டியில் வைக்கலாம். ஞானஸ்நானத்தின் வாக்குறுதியை அப்படிப் பூட்டி வைக்க முடியாது. நிறுவனரின் புண்ணியம் பங்குப் பத்திரத்தோடு கைமாறுவதில்லை. புனிதரின் பெயரைச் சூட்டுவதால் ஒரு நிறுவனம் புனிதமாவதில்லை. ஒவ்வொரு தலைமுறையும், ஒவ்வொரு பொருளாளரும், ஒவ்வொரு நாளும் நேர்மையைப் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மூன்று வங்கிகளும் பல இணைப்புகளின் பின், 2021 முதல் இத்தாலியின் மிகப் பெரிய வங்கியொன்றுக்குள் அடங்கிவிட்டன. அவை நிலைத்தனவா என்பதைக் கொண்டல்ல, அவற்றை நடத்தியபோது ஏழையின் முகத்தை மறவாதிருந்தாரா என்பதைக் கொண்டே தொவீனியைத் திருச்சபை அளந்தது.

வாசகரே, நீங்கள் வங்கியிலே கடமையாற்றலாம்; சிக்கன கடனுதவுச் சங்கத்தின் பொருளாளராயிருக்கலாம்; பங்குச் சபையின் கணக்கைப் பார்க்கலாம்; அல்லது அயலவருக்கு ஆயிரம் ரூபா கைமாற்றாகக் கொடுத்தவராயிருக்கலாம். உங்கள் மேசையும் ஒரு பீடமாகலாம். ஞாயிறு பூசையில் ‘ஆமென்’ சொன்ன நா, திங்கட்கிழமை கடன் கேட்டு வந்தவரிடம் என்ன சொல்கிறது என்பதிலே உங்கள் விசுவாசம் தெரியும்.

சிந்தனைக்கு:

1. எனக்குக் கடன்பட்டவர் கடனைத் தீர்த்து எழும்ப வேண்டுமென்று விரும்புகிறேனா, அல்லது அவருடைய காணியிலோ நகையிலோ எனக்குக் கண் உண்டா?

2. கடன்பட்டவரின் மானத்தைக் காக்கிறேனா? ஊரறியக் கேட்டு அவரைத் தலைகுனிய வைக்கிறேனா?

3. பங்கின் பணமோ சங்கத்தின் பணமோ என் கையில் இருந்தால், எந்நேரமும் கணக்குக் காட்ட ஆயத்தமாயிருக்கிறேனா?

4. நான் கடன்பட்டவனானால், கொடுத்த வாக்கைக் காப்பதும் நீதியின் கடமை என்பதை உணர்கிறேனா?

5. எமது பங்கில் அநியாய வட்டிக்குள் அகப்பட்டுத் தவிக்கும் குடும்பம் உண்டா? அக்குடும்பத்துக்குப் புத்திமதியைத் தவிர வேறென்ன கொடுத்தோம்?